முகம் கொடுத்து விற்பவர்கள்

தேய்பிறை அஷ்டமியன்று தர்மபுரி அருகே அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலுக்கு வருகிறவர்களுக்குச் சாம்பல் பூசணியில் விளக்கேற்ற இடம் கிடைத்தால் போதும். சாலையோரத்துப் பிளக்ஸ்களை நின்று பார்க்க நேரமிருக்காது. பார்க்காமலும் போக முடியாது. தமிழ்நாட்டின் எந்த நெடுஞ்சாலையிலும் இதே காட்சிதான்: மனை விற்கிறவர், நகை விற்கிறவர், பள்ளிக்கூடம் நடத்துகிறவர் எல்லோரும் முகம் காட்டி நிற்கிறார்கள். பல பிளக்ஸ்களில் மனையைவிட அதை விற்கிறவர்தான் பெரிதாகத் தெரிகிறார்.

இதைத் தற்பெருமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. எச். வசந்தகுமாரை நினைத்துப் பார்க்கலாம். விஜிபி நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த அவர் 1978-இல் வசந்த் அண்ட் கோ என்ற வீட்டு உபயோகப் பொருள் கடையைத் தொடங்கினார். நடிகர் யாரையும் நம்பாமல், வெள்ளைச் சட்டையில் சிரிக்கும் தன் முகத்தையே விளம்பரத்தில் வைத்தார். தவணையில் பிரிட்ஜ் வாங்கும் குடும்பத்துக்கு அது மாதக் கணக்கில் நீளும் உறவு. பொருள் மக்கர் செய்தால் யாரிடம் போய்ச் சத்தம் போடுவது என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த முகம் அதற்குப் பதிலாக இருந்தது. 2020 ஆகஸ்டில் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது, அவரை நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத வீடுகளிலும் தெரிந்த மனிதர் போய்விட்டதைப் போல் பேசிக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் எம்டிஎச் மசாலாப் பொட்டலத்தின் தலைப்பாகைத் தாத்தா தரம்பால் குலாத்தி மறைந்தார். சியால்கோட்டிலிருந்து 1947-இல் டெல்லிக்கு வந்து டோங்கா ஓட்டியவர் அவர்.

முகத்துக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வருகிறது? ஒரு முகத்தை நம்பலாமா என்று முடிவுகட்டப் பத்தில் ஒரு பங்கு விநாடி போதும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2006-இல் காட்டியது. தென்னாப்பிரிக்காவில் நடந்தது இன்னும் திகைக்க வைக்கும். கடன் நிறுவனம் ஒன்று தன் பழைய வாடிக்கையாளர்கள் 53,000 பேருக்குக் கடிதம் அனுப்பியது. வட்டியும் கடிதத்தின் அமைப்பும் ஆளுக்கு ஆள் மாறின. 2010-இல் வெளியான முடிவு இது: அழகான பெண்ணின் படம் இருந்தால், வட்டியை 25 விழுக்காடு குறைத்த அளவுக்குக் கடன் கேட்பவர்கள் கூடினார்கள். படத்துக்கும் கடனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கடன்காரர் கட்டப்போவது வட்டியைத்தான்.

இந்த இடத்தில் தர்மபுரி வட்டாரத்து நடுகற்கள் நினைவுக்கு வருகின்றன. இங்கே உள்ள அளவுக்கு நடுகற்கள் தமிழ்நாட்டில் மிகச் சில வட்டாரங்களில்தான் உண்டு. ஆநிரை மீட்கப் போய் மாண்டவன், ஊரைக் காக்க நின்று விழுந்தவன் என்று ஒவ்வொரு கல்லிலும் ஒரு வீரன். கையில் வில் அல்லது வாள், முன்னே பாயும் கால். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்று உறைக்கும்: முகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. மூக்கையும் தாடையையும் அச்சாக வடித்துவிட வேண்டும் என்ற தவிப்பு அந்தச் சிற்பிக்கு இல்லை. அவன் கவலையெல்லாம் எழுத்தில் இருந்தது. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய ஆள், எந்தப் பூசலில் பட்டான் என்பதையெல்லாம் பல கற்கள் வட்டெழுத்தில் சொல்கின்றன. உருவம் வழிப்போக்கனை நிறுத்தும். எழுத்துதான் இவன் யார், என்ன செய்தான் என்று சொல்லும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கல்லைக்கூட இன்றைக்கு நம்ப முடிவது அந்த எழுத்தால்தான்.

இன்றைக்கு நமக்கு வரும் விளம்பர மின்னஞ்சலில் இது தலைகீழாகிறது. முகம் துல்லியமாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு முதற்பெயர், அன்பான இரண்டு வரி. ஊர் இல்லை, தெரு இல்லை, இதுவரை என்ன செய்தார் என்ற விவரமும் இல்லை. அந்த முகமும் இப்போது திருட்டுப்போகிறது. தேசியப் பங்குச் சந்தையின் நிர்வாக இயக்குநர் ஆஷிஷ்குமார் சௌகான் பங்குகளைப் பரிந்துரைப்பதுபோல் போலிக் காணொளிகள் சுற்றின. அவை பொய் என்று 2024 ஏப்ரலில் அந்த நிறுவனமே அறிவிக்க வேண்டி வந்தது.

எல்ஐசி முகவர்கள் வீடு வீடாகக் கொடுக்கும் காலண்டரில் வேறு நியாயம் இருக்கிறது. மூலையில் சின்னதாக அவர் படம், கீழே பெயர், தெரு, கைபேசி எண். ஆண்டு முழுக்க அது சமையலறைச் சுவரில் தொங்கும். பாலிசிப் பணம் வரத் தாமதமானால் வீட்டுக்காரர் அந்த எண்ணுக்குப் பேசுவார். எடுக்காவிட்டால் நேரே அந்தத் தெருவுக்கே போய்விடுவார். அதியமான்கோட்டை அளவுள்ள ஊரில், ‘இவர் வீடு எது?’ என்று டீக்கடையில் படத்தைக் காட்டினால் வழி சொல்லிவிடுவார்கள். இதெல்லாம் தெரிந்துதான் அந்த முகவர் தன் படத்தை அச்சிடக் கொடுக்கிறார்.