மறுகால்

“கரண்டு போனா என்ன ஆகும்?”

நான் தாளில் வரைந்து கொண்டுபோயிருந்த படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். தண்ணீர் எந்த வழியாக ஏறும், எந்த வழியாக இறங்கும் என்று அம்புக்குறி போட்டு, நீலத்திலும் சிவப்பிலுமாக வரைந்திருந்தேன். மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அதில் அம்புக்குறி இல்லை. ஆனால் பதில் எனக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் மதுரையில் என் வீட்டுக் கூடம் முழுக்கத் தண்ணீர். கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன்.

என் தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 125 லிட்டர். அதில் ஆறு மிஸ் கேரளா மீன்கள், பண்ணையில் பொரித்தவை. வெள்ளி உடலில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடுமாக ஓடும் இந்த மீனை 1865-இல் பிரான்சிஸ் டே விவரித்து, மதராஸ் கவர்னராக இருந்த டெனிசனின் பெயரை அதற்கு வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையில் கிடையாது. அலங்கார மீன் வியாபாரம் அதை அள்ளிக்கொண்டே போனதில் இன்று அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஓடுகிற தண்ணீரில் பிறந்த இனம் என்பதால் தேங்கிய தொட்டியில் சோர்ந்துபோகும். தொட்டியின் மேற்பரப்பில் எண்ணெய் போல ஒரு ஏடு படியும். அது படிந்தால் தண்ணீருக்குள் காற்று இறங்குவது குறையும். அந்த ஏட்டை வழித்தெடுத்துக் கீழே ஒரு வாளியில் வடிகட்டி, மோட்டார் வைத்து மறுபடி மேலே ஏற்ற வேண்டும்.

மேல் மட்டத்துத் தண்ணீரைக் கீழே கொண்டுவர இரண்டு வழி. கண்ணாடியில் துளை போடலாம். மீன் இருக்கும் தொட்டியில் யார் துணிவார்கள்? அல்லது விளிம்புக்கு மேலாகவே தண்ணீரைத் தாண்டவைக்கலாம். அதற்கென்று விற்கும் பெட்டியின் விலை என் தொட்டியின் விலையைவிட அதிகம். நானே ஒன்று செய்தேன். அதுதான் கூடத்தை நனைத்தது.

போடிமெட்டில் ஏலத்தோட்டக் கணக்குப் பார்க்கும் நண்பரிடம் இதைச் சொல்லிச் சிரித்தபோது, “எங்க படுதாக் குளத்துல ஒரு அண்ணன் இதையேதான் பண்ணி வச்சிருக்கார், வந்து பாரு” என்றார்.

ஆனி மாதத்து விடியலில் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் கிளம்புகின்றன. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியும் தலைக்கட்டுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஏறக்குறைய 25 கிலோமீட்டர் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினால் வெயில் கீழேயே நின்றுவிடுகிறது. மேலே இரண்டு மாநிலத்துச் சோதனைச் சாவடிகள், அவற்றுக்கு நடுவே டீக்கடைகள், மூடுபனி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,500 அடி. அந்தப் பக்கம் இறங்கினால் பூப்பாறை. வழி முழுக்க மரநிழலில் ஏலச்செடி.

அந்த அண்ணனுக்குத் தோட்டத்தில் வேலை ‘ஓஸ் போடுறது’. மேட்டிலிருக்கும் ஊற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் கறுப்புக் குழாயைச் சரிவோடு இழுத்துக்கொண்டுபோய், மாசியிலிருந்து வைகாசி வரை செடி காயாமல் காப்பது. மழை பிடித்துவிட்டால் வேலை தலைகீழாகிறது: வருகிற தண்ணீரை வெளியே அனுப்ப வேண்டும். சொந்த ஊர் போடிப் பக்கம். ஐம்பதைத் தாண்டியவர். கையில் ஆக்ஸா பிளேடு ஒன்று எப்போதும் இருக்கிறது, பிடியில்லாமல், ஒரு முனையில் சைக்கிள் டியூப் சுற்றி.

படுதாக் குளத்தைப் பார்க்காதவர்களுக்கு: சரிவில் மண்ணை வெட்டிப் பள்ளமாக்கி, உள்ளே கெட்டியான தார்ப்பாய் விரித்து மழைநீர் பிடிக்கும் குளம் அது. இடுக்கியின் தோட்டங்களில் நிறையப் பார்க்கலாம். சிலர் மீனும் வளர்க்கிறார்கள். பாயில் ஓட்டை போட முடியாது. போட்டால் அந்த இடத்திலிருந்தே கிழியத் தொடங்கும். நிறைந்து கரைமேல் வழிந்தால் பாய்க்குப் பின்னாலுள்ள மண்ணைத் தண்ணீர் அரித்துவிடும். பிறகு குளமே சரிவில் இறங்கிவிடும். துளை போட முடியாது, வழியவும் விடக் கூடாது. என் கண்ணாடித் தொட்டிக்கும் இதே இரண்டு நிபந்தனைகள்தான்.

கரையில் வெள்ளை பிவிசி குழாய் ஒன்று தேள் கொடுக்குபோல வளைந்து விளிம்பைத் தாண்டி வெளியே இறங்கியிருந்தது. மேலே வரும் முதுகில் ஒரு சின்னக் குழாய்த் திருகு. தூறல் விழுந்துகொண்டிருந்தது. குளத்து மட்டம் ஒரு விரற்கடை ஏறியதும் வெளியே சலசலவென்று ஓட ஆரம்பித்தது. மட்டம் இறங்கியதும் தானாக நின்றது. யாரும் தொடவில்லை.

பள்ளியில் வடிகுழாய் என்று படித்தது. அவர் வாயில் அது ‘இழுப்பு’. “இழுப்பு இருக்க வரைக்கும் ஓடும். இழுப்பு விட்டுப்போச்சுன்னா மறுபடி வாய வச்சுத்தேன் உறிஞ்சணும். சாதா ஓஸ்ல, தண்ணி வாய்க்குக் கீழ இறங்குனா காத்து உள்ள போயிரும். அதுக்குத்தேன் ரெண்டு பக்கமும் தொட்டில் கட்டிருக்கேன்.”

தொட்டில் என்று அவர் சொன்னது, குழாயின் இரு முனைகளிலும் உள்ள ஆங்கில ‘யு’ எழுத்து போன்ற வளைவை. குளத்து மட்டம் எவ்வளவு இறங்கினாலும் அந்த வளைவுகளில் தண்ணீர் தங்கும். அது தங்குகிற வரை காற்று உள்ளே நுழையாது. நடுவிலுள்ள குழாய் எப்போதும் நிறைந்தபடி காத்திருக்கும்.

“எவ்வளவு உயரத்துக்கு இப்படித் தாண்ட வைக்கலாம்ண்ணே?”

“கீழ போடியில தாண்டுற மேடு இங்க தாண்டாது தம்பி. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. இருபத்தஞ்சு அடிக்கு மேல நான் முயற்சி பண்றதில்ல.”

காரணம் காற்று. வடிகுழாயில் தண்ணீரை மேட்டுக்குத் தள்ளுவது வெளியே அழுத்தும் காற்றின் எடைதான். கடலோரத்தில் அது ஏறக்குறைய 34 அடி உயரத் தண்ணீரைத் தாங்கும். 4,500 அடி உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் கணக்கு 29 அடிக்கும் கீழே வந்துவிடுகிறது. நடைமுறையில் இன்னும் குறையும். அவருடைய இருபத்தைந்து அடி, பல கோடைகளில் குழாயோடு மல்லுக்கட்டிக் கண்ட எண். நான் இதைச் சொன்னபோது தலையாட்டிக்கொண்டார். எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை.

மத்தியானம் ஸ்டோர் என்று அழைக்கப்படும் ஏலக்காய் உலர்த்தும் கட்டிடத்துக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் உட்கார்ந்தோம். அங்கே ஒரு பழைய கண்ணாடித் தொட்டி இருந்தது, கிட்டத்தட்ட என் தொட்டி அளவு. அக்கா, அவருடைய மனைவி, கட்டஞ்சாயா கொடுத்துவிட்டு, “குழாயப் பாத்தா சோறு மறந்துபோகும் இவருக்கு” என்று சொல்லிப் போனார்.

நான் பெட்டி செய்யக் கண்ணாடித் துண்டுகளும் சிலிக்கானும் கொண்டுபோயிருந்தேன். அவர் அவற்றை ஓரமாக வைத்தார். ஒரு அங்குல பிவிசி குழாய் இரண்டரை மீட்டர், எல்போ ஏழு, டீ ஒன்று, காற்று போக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டியூப். எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை. பெட்டி இல்லாத பெட்டி.

முதலில் தொட்டிக்குள் நிற்கும் குழாய். அதன் வாயைச் சுற்றி ஆக்ஸா பிளேடால் சீப்புப் பல்போல வெட்டினார். மேல்மட்டத்து ஏடு அந்தப் பல் இடுக்கு வழியாக விழும், மீன் விழாது. அங்கிருந்து கீழே இறங்கி ஒரு தொட்டில், மறுபடி மேலே ஏறி விளிம்பைத் தாண்டி, வெளியே இறங்கி இன்னொரு தொட்டில், அங்கிருந்து மேலே எழும்பி டீ. டீயின் ஒரு கை வாளிக்குப் போகிறது. மேல்வாய் திறந்தே இருக்கும். அதை அடைத்தால் வெளிக்குழாய் தானே இன்னொரு இழுப்பாகித் தொட்டிலில் தங்கும் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். டீயின் உயரத்தை உள்ளே இருக்கும் வாயைவிட இரண்டு விரற்கடை கீழே வைத்தார். அந்த வித்தியாசம்தான் தண்ணீரை நகர்த்துகிறது.

சல்யூஷன் தடவும்முன் எல்லாவற்றையும் சும்மா சொருகிப் பார்த்தார். “ஒட்டிட்டா பேச்சு முடிஞ்சுது.”

முதுகின் உச்சியில் துளையிட்டு மெல்லிய டியூபைச் செருகி, வாய் வைத்து உறிஞ்சி, தண்ணீர் வந்ததும் மடக்கிக் கட்டினார். ஓடியது. நான் கைதட்டாத குறை. அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் கழித்து முதுகை விரலால் சுண்டினார். சத்தம் மாறியிருந்தது.

“காத்து கட்டுது. தண்ணியோட பொடிப்பொடியா வர்ற காத்து மேட்டுலதேன் போய் உக்காரும். ஓஸ்லயும் இதேதேன். உங்க வீட்டுல நடந்ததும் இதுதேன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் வீட்டில் மின்சாரம் நின்றபோது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தபோதுதான் ஆனது. குழாய் முதுகில் சேர்ந்திருந்த காற்று இழுப்பை அறுத்துவிட்டது. மோட்டாருக்கு அது தெரியாது. அது பாட்டுக்குக் கீழே இருப்பதையெல்லாம் மேலே ஏற்றியிருக்கிறது.

இதற்கு அவர் சொன்ன மருந்து இரண்டு. ஒன்று, உச்சியிலுள்ள மெல்லிய டியூபை மோட்டாரின் காற்று உறிஞ்சும் மூக்கில் மாட்டிவிடுவது. சேரும் காற்றை மோட்டாரே இழுத்துக்கொள்ளும். அதையும் நம்பக் கூடாது என்பதால் இரண்டாவது.

“உங்க தொட்டிக்கு 142 எது?”

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த எண்ணுக்கு விளக்கம் தேவையில்லை. முல்லைப் பெரியாறு அணையில் 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த நீர்மட்டம், 142 அடி. மழைக்காலத்தில் டீக்கடையில் முதல் பேச்சே அணையில் இன்று எத்தனை அடி என்பதுதான். கண்மாய்க்குக் கலிங்கு வைத்த ஊர்க்காரர்களுக்கு அது புதிய கணக்கும் அல்ல. நிறைந்த கண்மாய் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கலிங்கின் உயரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டு ஊர்களின் சண்டையும் சமாதானமும்.

என் தொட்டிக்கு 142 இல்லை. அன்று கணக்குப் போட்டோம். மூன்றடிக்கு ஓரடித் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்பது ஏறக்குறைய 2.8 லிட்டர். மோட்டார் நின்றால் மட்டம் மூன்று சென்டிமீட்டர் இறங்கிப் பல்லடியில் நிற்கும். எட்டரை லிட்டர் கீழே வரும். கீழே இருப்பது 20 லிட்டர் பெயிண்ட் வாளி. அப்படியானால் ஓடும்போது வாளியில் பத்து லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. மாறாக இழுப்பு அறுந்துபோனால், அந்தப் பத்தில் மோட்டார் வாய்க்கு மேலே இருக்கும் ஆறேழு லிட்டர் தொட்டிக்கு ஏறும். மட்டம் இரண்டரை சென்டிமீட்டர் உயரும். அதனால் விளிம்புக்குக் கீழே நான்கு சென்டிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும். மோட்டார் வறண்டு உறுமும்; தரை நனையாது. உறுமல் கேட்டு நாம் எழுந்துகொள்ளலாம்.

மேலே தண்ணீர் கொண்டுபோகும் குழாயிலும் ஒரு ஆபத்தைக் காட்டினார். அதன் முனை தொட்டியின் ஆழத்தில் இருந்தால், மோட்டார் நின்றதும் அதுவே இழுப்பாகித் தண்ணீரைத் திரும்பக் கீழே கொண்டுவரும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஆணியைக் காய்ச்சி ஒரு துளை போட்டார். மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று நுழைந்து இழுப்பு அறுந்துவிடும். ஒரே வேலையில் ஒரு குழாயில் காற்று நுழையாமல் காவல்; இன்னொன்றில் நுழைவதற்கென்றே வாசல்.

பிறகு சுவிட்சை அணைத்தார். சலசலப்பு மெலிந்து, சொட்டி, நின்றது. வாளி நிறையவில்லை. போட்டார், ஓடியது. மறுபடி அணைத்தார். பத்து முறை. நான் ஐந்தாவதிலேயே போதும் என்றிருப்பேன். பத்து முடிந்ததும் உச்சி டியூபைப் பிடுங்கி, வேண்டுமென்றே காற்றை விட்டார். தொட்டி மெல்ல ஏறி, விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடையில் நின்றது. மோட்டார் உறுமியது. அப்போதுதான் ஆறிப்போன சாயாவை எடுத்துக் குடித்தார்.

“ஓட வைக்க யாராலயும் முடியும் தம்பி. சரிவு இருந்தா அதுவா ஓடும்.”

கூலி என்று எதைக் கொடுக்கப்போனாலும் வாங்கவில்லை. மதுரையிலிருந்து அடுத்த முறை வரும்போது ஒரு அங்குல எல்போ பத்து வாங்கிவரச் சொன்னார். மேலே விலை கூடுதலாம். கிளம்பும்போது மூட்டைகளில் எண் போடும் பெயிண்டை எடுத்து, எனக்காக ஒதுக்கிவைத்த வாளியில், பத்து லிட்டர் மட்டத்தில் சுற்றிலும் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். கை நடுங்கவில்லை. கோடு காயும்வரை வாளியை ஜீப்பில் ஏற்ற விடவில்லை.

இப்போது அந்த வாளி என் கூடத்தில் இருக்கிறது. கோடையில் தண்ணீர் ஆவியாகி மட்டம் குறையும்போது செம்பில் மொண்டு ஊற்றுகிறேன். சிவப்புக் கோட்டைத் தொட்டதும் செம்பில் பாதி மிஞ்சினாலும் அது துளசிச் செடிக்குத்தான் போகிறது.