சக்கர வீட்டில் ஒரு வருடம்

கனடாவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் பலர் ஒரு வாகனத்தையே வீடாக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றார்கள். கட்டில், அடுப்பு, குளிக்கும் இடம், மலசலகூடம் எல்லாம் உள்ள, சிறிய பஸ் போன்ற வாகனம் அது. சுருக்கமாக 'ஆர்வி' என்பார்கள். குளிர் தொடங்கத் தெற்கே போய் வசந்தத்தில் திரும்பி வருவதால் இவர்களுக்குப் 'பனிப்பறவைகள்' என்று ஒரு பெயரும் உண்டு. 2022 மே தொடக்கம் 2023 மே வரை நானும் எனது கணவரும் அப்படித்தான் வாழ்ந்தோம்.

எங்களுடைய ஊர் மயிலிட்டி. 1990 யூனில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள். பருத்தித்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பல மாதங்கள் இருந்து, பிறகு கொழும்பு, பிறகு கனடா. அதனால் நாங்கள் இந்த வாகனத்தை வாங்கப் போகின்றோம் என்றதும் மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "இடம்பெயர்ந்தது காணாதோ அம்மா? வயசுபோன நேரத்தில திரும்பவும் மூட்டை கட்டப் போறியளோ?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. வருடம் முழுவதும் அது என்னோடு கூடவே வந்தது.

நாங்கள் வாங்கியது 2007ஆம் ஆண்டு வாகனம், 24 அடி நீளம். பின்னால் 14 அடி அலுமினியப் படகு ஒன்று. கணவருக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்திருந்தபடியால் ஓட்டுவது என் பொறுப்பாயிற்று. ஒன்ராறியோவில் 11,000 கிலோ எடைவரையான வாகனத்துக்குச் சாதாரண கார் ஓட்டும் அனுமதிப்பத்திரமே போதும். மோட்டார் படகு ஓட்டுவதற்குத் தனியாக ஓர் அட்டை வேண்டும். 2009 முதல் அது எல்லோருக்கும் கட்டாயம். இணையத்தில் பரீட்சை எழுதி நானும் எடுத்தேன். அப்பா, அண்ணன், கணவர் என்று ஓடியவர்களின் வள்ளங்களைக் கரையில் நின்று பார்த்திருந்த எனக்கு, 66 வயதில்தான் எஞ்சின் கைக்கு வந்தது.

முதலில் போனது ட்ரென்ற் செவேர்ன் நீர்வழிக்கு. ஒன்ராறியோ ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் ஆறுகள், ஏரிகள், வெட்டிய கால்வாய்கள் வழியாக இணைக்கும் 386 கிலோமீற்றர் பாதை அது. முழுவதும் நாங்கள் போகவில்லை. போல்சம் ஏரிக்கரையில் உள்ள மாகாணப் பூங்காவில் வாகனத்தை நிறுத்திவிட்டு, அந்த ஏரியிலேயே பல நாட்கள் படகு விட்டோம். இந்த நீர்வழியின் மிக உயரமான இடம் அதுதான். அங்கிருந்து இரண்டு பக்கமும் இறக்கம்.

பீற்றர்பரோவில் ஓர் அதிசயம் இருக்கின்றது. 1904இல் திறக்கப்பட்ட படகுத் தூக்கி. எமது துலாக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தாழ மறுபக்கம் எழும்பும் அல்லவா? இங்கே இரண்டு பெரிய இரும்புத் தொட்டிகள். மேலே நிற்கும் தொட்டிக்குள் ஓர் அடி தண்ணீர் கூடுதலாக விடுவார்கள். அந்தப் பாரத்தில் அது கீழே இறங்க, கீழே உள்ள தொட்டி எங்களையும் படகையும் சுமந்துகொண்டு 65 அடி மேலே எழும்பியது. தூக்குவது தண்ணீரின் பாரம் மாத்திரமே. கணவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல நின்றார்.

65 வயது தாண்டிய கனேடியர் ஒன்ராறியோவில் மீன்பிடி அனுமதிக்குப் பணம் கட்டத் தேவையில்லை, அடையாள அட்டை போதும். ஆனால் எந்த மீன், எந்த மாதம், எத்தனை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அளவு பிழைத்தால் திரும்ப ஏரியில் விட வேண்டும். "பிடிச்ச மீனை விடுறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று கணவர் சலித்துக்கொண்டார். பேர்ச் என்ற சின்ன மீன் தாராளமாகக் கிடைத்தது. பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தேன். நன்னீர் மீன் நன்னீர் மீன்தான், எங்கள் ஓராவுக்கு எட்டாது.

இந்த வாழ்க்கையில் பெரிய பாடு தண்ணீர். எங்கள் வாகனத்தின் தொட்டி 150 லீற்றர். கழிவுநீருக்கு வேறு தொட்டிகள், நிரம்பினால் அதற்கென உள்ள இடத்துக்கு ஓட்டிப்போய்த் திறந்துவிட வேண்டும். பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை போனார்கள். நாங்கள் வாரத்துக்கு ஒரு தடவை. எப்படி என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கேட்டார். ஒரு வாளித் தண்ணீரில் நாலு பேர் முகம் கழுவி, அதிலேயே துணி அலசி, மிச்சத்தை மிளகாய்க் கன்றுக்கு ஊற்றிய கதையைச் சொன்னேன். அடுத்த நாள் அவர் கையில் ஒரு வாளி இருந்தது.

ஒக்ரோபர் கடைசியில் தெற்கே புறப்பட்டோம். 100 கிலோமீற்றருக்கு 25 லீற்றர் பெற்றோல் குடிக்கும் வாகனம் என்பதால் மெதுவாக, ஒவ்வோர் இடத்திலும் பல நாள் தங்கித் தங்கித்தான் போனோம். ஒரு வருடத்தில் 212 நாட்களுக்குமேல் வெளியே நின்றால் மாகாணத்தின் இலவச வைத்தியக் காப்புறுதி போய்விடும். ஆகவே நாட்காட்டியில் நாள் எண்ணுவதும் ஒரு வேலை.

தை மாதம் புளோரிடாவின் மேற்குக் கரையில் போட் மையர்ஸ் கடற்கரையைக் கடந்தோம். 2022 செப்டெம்பர் 28இல் 'இயன்' புயல் கரைகடந்த பகுதி அது. கடல் ஏறி வந்து, எங்களைப் போன்றவர்கள் வாகனங்களில் தங்கும் இடங்களையே வழித்துத் துடைத்துவிட்டிருந்தது. வீடுகள் நின்ற இடத்தில் சீமெந்துத் தளம் மட்டும் கிடந்தது. 2018இல் மயிலிட்டிக்குப் போய் எங்கள் வளவைத் தேடியபோதும் இப்படித்தான், அத்திவாரமும் கிணறும் மட்டும் இருந்தன. ஒரு தளத்தின் பக்கத்தில் அரசாங்கம் கொடுத்த ட்ரெய்லரில் என் வயதொத்த ஒருவர் தனியாக இருந்தார். அதுவும் எங்களுடையதைப் போலச் சக்கரம் உள்ள வீடுதான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் அவர் தன் பீங்கான்களைக் கடதாசிப் பெட்டியிலிருந்து இன்னும் வெளியே எடுத்திருக்கவில்லை. அதைக் கண்டதும் எனக்கு மகளின் கேள்வி ஞாபகம் வந்தது. அன்று சமைத்த மீனில் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு, இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தேன்.

மாசியில் புளோரிடாவின் தென்முனையிலுள்ள கீஸ் தீவுகளுக்குப் போனோம். 113 மைல் வீதி, பாலம் பாலமாகக் கடலின் மேல் ஓடுகின்றது. 1912இல் அங்கே புகையிரதப் பாதை போட்டார்கள், 1935இல் ஒரு புயல் அதை உடைத்தது. அந்தப் பாதையின் மேலேயே வீதி வந்தது. இப்போதுள்ள ஏழு மைல் பாலம் 1982இல் திறக்கப்பட்டது. கண்டல் மரங்களைக் கண்டதும் எனக்கு ஊர் நினைவு முட்டியது.

அவரது தம்பி 1986இல் தொழிலுக்குப் போனவன், திரும்பவில்லை. இடம்பெயர்ந்த பிறகு இவர் உப்புத் தண்ணீரில் கால் நனைத்ததே இல்லை. ஏரி வேறு, கடல் வேறு என்பார். கீஸிலும் முதல் பத்து நாள் படகை இறக்க விடவில்லை. தூண்டில் போட அனுமதியுள்ள பழைய பாலமொன்றில் நின்று தூண்டில் போட்டார், அவ்வளவுதான். நானும் வற்புறுத்தவில்லை.

பதினோராம் நாள் காலை விரலை நனைத்து உயர்த்திப் பிடித்தார். "இஞ்சாரும், வாடை" என்றார். அங்கே மாரியில் வடகிழக்குக் காற்றுத்தான். நான் எஞ்சினைப் பிடிக்க, அவர் அணியத்தில் இருந்தார். கரை தெரிகிற தூரத்தில்தான் நின்றோம். ஒரு பாரை பட்டது. சுத்தப் பாரை, வால்கூட அதே மாதிரி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பியின் பெயரைச் சொன்னார். முப்பத்தாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான். பிறகு மத்தியானம்வரை தம்பியைப் பற்றியே கதைத்தார். அவனுடைய நீச்சல், அவன் வாங்கின கடன், மாதா கோயில் பெருநாளில் அவன் அடித்த கூத்து.

சித்திரையில் திரும்பிவிட்டோம். "இனி விக்கலாம்தானே?" என்று மகள் கேட்டாள். கூரையில் ஒழுக்கு இருக்கின்றது, அதை அடைத்துவிட்டுப் பார்ப்போம் என்றார் தகப்பன். இப்போது நாலாவது தடவையாக அடைத்துக்கொண்டிருக்கின்றார்.