கரிசல் காட்டு வசந்தம்

வசந்தம் என்றதும் சித்திரையையும் வைகாசியையும் எண்ணுகிறோம். மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலோ அவை கானல் பறக்கும் மாதங்கள். வானம் பார்த்த இப்பூமியின் வசந்தம் ஐப்பசி மழைக்குப் பின்னரே வருகின்றது. கார்த்திகையில் கண்மாய் நிறையும். மார்கழி, தையில் பருத்தியும் கம்பும் மல்லியும் கரிசலை மூடும். மழை பொய்த்தால் அவ்வாண்டு வசந்தமே இல்லை.

மேனாட்டார் விடுமுறையில் குதிரையேறிக் கிராமம் சுற்றி மகிழ்வர். குதிரை நமக்கும் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் அரபு நாட்டுக் குதிரைகள் காயல் துறையில் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதியுள்ளார். பேணத் தெரிந்தோர் இல்லாமையால் அவற்றுள் மிகப் பல மடிந்தன என்றும் குறித்துள்ளார். அருளப்பட்டதைப் பேணாமையும் நன்றி மறத்தலே அன்றோ? விரைந்தோடும் குதிரைகளின் பெயர் தாங்கிய 'அல் ஆதியாத்' என்னும் திருக்குர்ஆனின் 100ஆவது அத்தியாயம், மனிதனின் நன்றி மறப்பையே சுட்டிக் காட்டுகின்றது.

மல்லியைக் கடைப் பொட்டலத்தில் மட்டுமே கண்ட நம் பிள்ளைகள் யாருக்கு நன்றி சொல்வார்கள்? தை மாத விடுமுறை நாளொன்றில், சுபுஹுத் தொழுகைக்குப் பின் அவர்களை இக்காட்டுப் பாதையில் அழைத்துச் செல்லுங்கள். குதிரை கிடைக்காவிடினும் குறையில்லை. எதிர்ப்படும் சம்சாரியிடம், "இவ்வாண்டு மழை எப்படி?" என்று கேட்கச் சொல்லுங்கள். விடை கூறுமுன் அவர் வானத்தை நிமிர்ந்து பார்ப்பார். பிள்ளைகளும் பார்க்கட்டும்.