சேர்ந்திருக்கும்

தொரன்ரோவில் படிக்கும் பேர்த்தி சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டாள்: "அப்பப்பா, 'பியூச்சர் பேர்பெக்ட்' என்கிறார்களே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" நாற்பது ஆண்டுகள் செய்திகளை மொழிபெயர்த்தவன் சற்றுத் திணறித்தான் போனேன். பிறகு நெடுந்தீவு நினைவுக்கு வந்தது.

எங்கள் தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். பிள்ளையைப் படகேற்றிவிடப் புறப்படும் தாய், "ஒன்பது மணிக்குள் குமுதினி குறிகட்டுவானைச் சேர்ந்திருக்கும்" என்பாள். இதுவே ஆங்கிலத்தின் 'வில் ஹாவ் றீச்ட்'. வருங்காலத்தில் ஒரு நேரத்தைக் குறித்து, அதற்குள் செயல் முடிந்துவிடும் என்பது. நேரத்தைக் குறிக்கத் தேவையில்லையெனில் 'வில் றீச்' போதும். நம்மவர் சிலர் கனமாக இருக்கட்டுமென்று 'ஹாவ்' ஒன்றைச் செருகிவிடுவர். 'படகு சேரும்போது' என்பதற்கு 'வென்' போட்டு அதன்பின் 'வில்' போடுவதும் உண்டு. அங்கே 'வென் த போட் றீச்சஸ்' என்று நிகழ்காலமே வரும்.

இவை சிறு பிழைகள். பெரிய பொறி வேறு. படகு சென்று வெகுநேரமான பின் அதே தாய், "இந்நேரம் சேர்ந்திருக்கும்" என்பாள். அது ஊகம், அதற்கும் ஆங்கிலத்தில் 'வில் ஹாவ்' பொருந்தும். ஆனால் "இயந்திரம் பழுதாகாவிட்டால் நேற்றே சேர்ந்திருக்கும்" என்பதும் தமிழில் அதே சொல்தான். படகோ சேரவில்லை. இங்கே 'வுட் ஹாவ்' வரவேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதற்கு 'வில் ஹாவ்' எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து, "தம்பி, படகு சேர்ந்ததா, இல்லையா?" என்று கேட்டார்.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். சில நாட்களின் பின் ஊரவர் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "மறிக்காமல் விட்டிருந்தால் சேர்ந்திருக்கும், தம்பி." அன்று காலை, செய்தி எட்டுமுன், அடுப்படியில் நின்று அவள் சொல்லியிருந்ததும் 'சேர்ந்திருக்கும்' என்பதே.

அவளது கூற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது 'வுட் ஹாவ்' என்று போட்டேன். இலக்கணம் சரியாகவே இருந்தது. தட்டச்சுப் பொறியின் முன் நெடுநேரம் அடுத்த வரி வரவில்லை.

பேர்த்திக்கு 'வில் ஹாவ்' மட்டும் சொல்லிக்கொடுத்தேன். மற்றதை அவள் இங்கு வரும்போது, குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று சொல்வதாக இருக்கிறேன்.