அம்மாவின் அலுமாரிக்கு என்ன நிறம்?

கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை. எங்கட பக்கத்தில் இந்த மூன்றும் பெரும்பாலும் கலியாணத்தோடு வருகிற சாமான்கள். என்ன மரம், என்ன பொலிஷ் என்றெல்லாம் அப்பாமாரும் மாமாமாரும் கதைத்து முடிப்பார்கள். அதுக்குள்ள சீலை அடுக்கப் போகிறவளிடம் கேட்கிற வழக்கம் குறைவு. எங்கள் அம்மாவுக்கும் 1999 இல் அப்படித்தான் ஒரு செற் வந்தது. கம்பஸ் லீவில் அதுக்குப் பெயின்ற் அடிப்பம் என்று அக்காவும் தங்கையுமாக நாங்கள் வெளிக்கிட, முதலில் எதிர்த்தது பெரியம்மா.

"நல்ல மரத்துக்கு ஆரும் பெயின்ற் அடிப்பினமே பிள்ளையள்?"

அது முழு மரம் இல்லை. பிளைவூட்டுக்கு மேல் ஒட்டிய வெனியர். ஒரு மில்லிமீற்றரை விடவும் மெல்லிசான மரத்தோல். அதுக்காக அதைப் போலி என்று தள்ளிவிடவும் ஏலாது, மேலே இருப்பது மெய்யான மரம்தான். 1922 இல் கண்டுபிடித்த எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறைச் சாமான்களிலேயே கருங்காலியையும் தந்தத்தையும் மெல்லிசாகச் சீவி ஒட்டியிருக்கிறார்கள்.

மெல்லிசு என்பதால் கை பதமாக இருக்க வேணும். கிளம்பியிருந்த ஓரங்களுக்கு மரப்பசை வைத்து, மேலே பலகை போட்டு, எங்கட பாடப்புத்தகங்களைப் பாரமாக ஏற்றி ஒரு இரவு விட்டோம். உடைந்த இடங்களை வுட் ஃபில்லரால் நிரப்பினோம். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவித் துடைத்து, 220 ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் மர ரேகை ஓடுகிற திசையிலேயே, மினுக்கம் போகும் அளவுக்கு மட்டும் தேய்த்தோம். மெசின் வைத்துத் தேய்த்தால் தோல் கிழிந்து பிளைவூட் தெரியும். பிறகு பிறைமர். அதை விட்டால் மரத்தின் கறை வெளிர் நிறத்துக்கு மேலால் மஞ்சளாக ஊறி வரும். கடைசியாகப் பெயின்ற், தடிப்பாக ஒரு தரம் அல்ல, மெல்லிசாக இரண்டு தரம். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் நன்றாக இறுகச் சில வாரம் எடுக்கும்.

நிறத்தில்தான் இழுபறி. யூரியூப்பில் பார்த்த வெளிர் சாம்பல்தான் எங்கட விருப்பம். அம்மா ஒரு நாளும் இப்படி அடித்துச் சொன்னதில்லை: "வாழைக்குருத்துப் பச்சை. கதவின்ரை உட்பக்கம் தொடக்கூடாது. அது ஐயா தந்தது, அப்பிடியே கிடக்கட்டும்."

அது சின்ன நிபந்தனை இல்லை. வெனியரில் ஏறின பெயின்ற்றைத் திரும்ப உரிக்கப் போனால் மரத்தோலும் சேர்ந்து போகலாம். இருபது வருசத்துக்கு மேல் ஐயாவின் தெரிவோடு இருந்தவ, எதை மாற்றுவது, எதை விடுவது என்று தானே பிரித்துச் சொன்னா. மரத்தை நாங்கள் மூடுகிறோம் என்ற பெரியம்மாவின் குறை இன்னும் தீரவில்லை. அவ சொல்வதிலும் நியாயம் இருக்கு.

உங்கட வீட்டிலும் இப்படி ஒரு அலுமாரி இருந்தால் பெயின்ற் கடைக்குப் போக முதல், அதை நெடுகப் பாவிக்கிறவவிடம் கேளுங்கோ: என்ன நிறம் விருப்பம்? எதைத் தொடக்கூடாது?