நாலு இருபது பதினேழு

ரெக்கார்டு நோட்டு சப்மிட் பண்ணுவதற்கு முந்தின ராத்திரி நாம் படும் பாடு ஊருக்கே தெரியும். அதைவிடப் பெரிய பாடு நான் மூணாங்கிளாஸிலேயே பட்டாயிற்று!

புதுச்சேரியில் ஓர் அரசு தொடக்கப்பள்ளி. காலையில் பாரதிதாசன் எழுதிய தமிழ்த்தாய் வாழ்த்து (அவரும் இந்த ஊரில் வாத்தியாராக இருந்தவர்தான்), பிறகு சூடாகப் பால், அப்புறம் கணக்கு. "71 முதல் 100 வரை எழுத்தால் எழுதி வாங்க" என்றார் டீச்சர். தொண்ணூறில் எனக்கு ஒரு சந்தேகம். இன்னும் நூறே வரவில்லை, அதற்குள் நூறு எப்படி உள்ளே வந்தது? எழுந்து கேட்டேன். "அது அப்படித்தான், உட்காரு."

அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வர இருட்டிவிடும். தாத்தாவிடம் போனேன். 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது அவருக்குப் பத்து வயசு. படித்ததெல்லாம் பிரெஞ்சில். தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது.

"இவ்ளோதானாடா?" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லித் தந்தார். பிரெஞ்சில் எழுபது என்றால் அறுபதும் பத்தும். எண்பது என்றால் நாலு இருபது. தொண்ணூற்றேழு? "கத்ர் வேன் தீசெத். நாலு இருபது, பதினேழு." விரல்விட்டுக் கூட்டினேன், சரியாக வந்தது! அப்படியே எழுதிக்கொண்டு போனேன்.

மறுநாள் டீச்சர் அதை உரக்கப் படித்தார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஐந்தாம் வகுப்பு முடியும்வரை என் பெயர் 'நாலிருபது'. அன்று சாயங்காலம் பையைக்கூட கழற்றாமல், "உனக்கு ஒண்ணுமே தெரியல தாத்தா, இனிமே சொல்லித் தராதே" என்று கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். அவ்வளவுதான். அதற்கப்புறம் என் நோட்டை அவர் தொட்டதே இல்லை.

போன செமஸ்டர் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில், பத்தை வைத்துத்தான் எண்ணவேண்டும் என்றில்லை, இரண்டாலும் பதினாறாலும் எண்ணலாம் என்று சார் போர்டில் எழுதினார். அப்படியானால் இருபதாலும் எண்ணலாமே! ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறாவதற்குத் தொல்காப்பியத்திலேயே தனி விதி இருக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. நான் கேட்டதும் தப்பில்லை, தாத்தா சொன்னதும் தப்பில்லை.

அன்று வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். "தாத்தா, தொண்ணூற்றெட்டு எப்படி?"

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாடா?" என்றார்.