கரடிச் சட்டை

உலகத்தில் மிகவும் சுலபமாகத் தோன்றி, இறங்கிப் பார்த்த பிறகு மிகவும் கஷ்டமாகிவிடும் காரியங்கள் சில உண்டு. வீடு கட்டுவது அவற்றில் ஒன்று; பெண்ணுக்கு வரன் பார்ப்பது மற்றொன்று. மூன்று மாதக் குழந்தைக்கு ராத்திரியில் என்ன உடுத்தித் தூங்க வைப்பது என்பதும் அந்த ஜாபிதாவில் சேர வேண்டியதுதான் என்று சென்ற மார்கழியில் நாம் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு கௌரவமானதல்ல. ஆயினும் நேயர்களின் இல்லங்களிலும் குழந்தைகள் இருக்கக்கூடும் ஆதலால், வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்லத் துணிகிறோம்.

நமது பெண் பிரசவத்துக்காகச் சென்னையில் நம் வீட்டுக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்தான். சிகாகோ நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் நமது பிள்ளை, மருமானுக்கென்று ஒரு பார்சல் அனுப்பியிருந்தான். பிரித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு கரடி இருந்தது!

பயப்பட வேண்டாம். அது கரடி உருவத்தில் தைத்த ராத்திரி உடுப்பு. கால் விரலிலிருந்து உச்சந்தலை வரையில் ஒரே சட்டை. பாலியெஸ்டர் நூலில், கம்பளியைப் போல் புசுபுசுவென்று செய்திருந்தார்கள். தலைக்கு இரண்டு காதுகள் வைத்த குல்லாய். கழுத்தில் இறுக்கிக்கொள்ள ஒரு நாடா. முன்பக்கம் நெடுக ஜிப். அதைக் கண்டதும் நமக்கு உண்டான ஆனந்தத்துக்கு அளவே இல்லை.

"அப்பா, இந்த ஊருக்கு இது எதற்கு? படம் எடுத்துவிட்டுக் கழற்றிவிடலாம்" என்றாள் பெண்.

"மார்கழிப் பனி உனக்கு என்ன தெரியும்?" என்று நாம் அதட்டினோம். "காதில் காற்றுப் புகுந்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும்" என்று நமது சகதர்மிணியும் ஆமோதித்தாள். நாமும் அவளும் ஒரே கட்சியில் சேர்ந்து வோட்டுப் போட்டது நமது இல்லற சரித்திரத்தில் அபூர்வமான சம்பவம். பெரும்பான்மை பலத்தால் தீர்மானம் நிறைவேறிற்று. பெற்றவள் சிறுபான்மையாகிப் பேசாமல் இருந்துவிட்டாள்.

அன்றிரவு ஜன்னல்களைச் சாத்தினோம். மின்விசிறியை நிறுத்தினோம். கரடிச் சட்டைக்கு மேல் ஒரு கம்பளியும் போர்த்தினோம். நடுநிசிக்கு மேல் குழந்தை அழ ஆரம்பித்தான். பால் போதவில்லை என்றது ஒரு குரல். வயிற்று வலி, ஓமத்தண்ணீர் கொடு என்றது இன்னொரு குரல். திருஷ்டி என்றும் ஓர் அபிப்பிராயம் வெளியாயிற்று. கொஞ்ச நேரத்தில் அழுகை தானாகவே அடங்கிற்று. "பார்த்தாயா, தூங்கிவிட்டான்!" என்று சொல்லிவிட்டு நாம் திருப்தியுடன் படுக்கப் போனோம்.

பெண் மட்டும் போகவில்லை. குழந்தையின் குல்லாய்க்குள் விரலை விட்டுக் கழுத்தின் பின்புறத்தைத் தொட்டாள். தொட்டவள், "அம்மா!" என்று கூவின கூவலை நாம் இன்னும் மறக்கவில்லை. பிடரி முழுவதும் வேர்வையால் நனைந்திருந்தது. முகம் செக்கச் சிவந்து, அசைவு குறைந்து, துவண்டு கிடந்தான். அவன் தூங்கவில்லை; களைத்துப் போயிருந்தான். கம்பளியை எறிந்தாள், ஜிப்பை இழுத்தாள், ஜன்னலைத் திறந்தாள். உள்ளேயிருந்து புறப்பட்ட உஷ்ணம், சமையலறையில் இட்லிப் பானையைத் திறந்தால் வருமே, அப்படி நம் முகத்தில் அடித்தது. ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தாய்ப்பால் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் குழந்தை சமநிலைக்கு வந்து நம்மைப் பார்த்துச் சிரித்தான். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பொழுது விடிந்ததும் டாக்டர் அம்மாளிடம் ஓடினோம். அவர் குழந்தையைப் பரீட்சித்துவிட்டு, "நல்ல வேளை, அம்மாவின் கை சரியான இடத்துக்குப் போயிற்று" என்றார். பிறகு நமக்கு ஒரு பாடம் நடத்தினார்.

பெரியவர்களுக்குப் புழுங்கினால் போர்வையை உதைத்துத் தள்ளிவிடுகிறோம். மூன்று மாதக் குழந்தையால் அது முடியாது. தேகத்தின் உஷ்ணம் வெளியேறுவதற்குக் குழந்தைக்குத் தலையும் முகமும் பெரிய வாசல்கள். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாய் போட்டால் அந்த வாசலுக்குப் பூட்டுப் போட்டதாகும். பிறந்த முதல் நாட்களிலும், எடை குறைந்த சிசுவுக்கும் வைத்தியர் சொல்லிப் போடும் குல்லாய் வேறு விஷயம். கையும் காலும் சில்லென்று இருப்பது கண்டு குளிர் என்று முடிவு கட்டக் கூடாது. அவை குழந்தைக்குச் சாதாரணமாகவே சற்றுக் குளிர்ந்திருக்கும். மார்பையோ பிடரியையோ தொட்டுத்தான் நிலைமை அறிய வேண்டும்.

இதில் வேறொரு பெரிய அபாயமும் உண்டு. நன்றாக இருக்கும் சிசு, காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோகும் கொடுமையை மேல்நாடுகளில் வெகு காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். குப்புறப் படுப்பது, முகத்தை மூடக்கூடிய தளர்ந்த போர்வை, தலையணை, அதிக உஷ்ணம் ஆகியவை அந்த அபாயத்தைக் கூட்டுகின்றன என்று கண்டார்கள். 1992-ல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம், சிசுக்களைக் குப்புறப் போட வேண்டாம் என்று சொல்லிற்று. 1994-ல் மல்லாக்கப் படுக்க வைக்கும்படி தேசம் முழுவதும் பிரசாரம் தொடங்கிற்று. அதன் பிறகு அங்கே அத்தகைய மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. ஆகவே போர்வையே வேண்டாம். உடுப்பு ஒன்றே போதும். நம் சென்னைக்கு மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று. மார்கழியில் அதற்கு மேல் இன்னொன்று. அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும் நமது சகதர்மிணி திடீரென்று கட்சி மாறிவிட்டாள். "சீமைச் சட்டையெல்லாம் நமக்கு ஒத்துவருமா? அந்தக் காலத்துச் சட்டைதான் உசத்தி!" என்று சொல்லி, பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினாள். நமது பெண் குழந்தையாக இருந்தபோது போட்ட ஜப்லாக்கள் அதில் பத்திரமாக இருந்தன. அவற்றோடு, பூச்சி அரிக்காமலிருக்கப் போட்ட அந்துருண்டைகளின் வாசனையும் பத்திரமாக இருந்தது.

இந்தத் தடவை பெண் சிறுபான்மையாக இருக்கச் சம்மதிக்கவில்லை. டெலிபோனில் டாக்டர் அம்மாளைக் கேட்டாள். அந்துருண்டையில் உள்ள நாப்தலின் ஆவி துணியில் தங்கி, குழந்தையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே செல்லும். இரத்தத்தின் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதிப்பொருள் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கிறது. ஆண் குழந்தைகளில் இது அதிகம். 1956-லேயே இக்குறை கண்டறியப்பட்டது. அத்தகைய சிசுவுக்கு இந்த ஆவி பட்டால் சிவப்பணுக்கள் சிதைந்து, கடுமையான மஞ்சள் காமாலை உண்டாகலாம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதென்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. ஆகையால் அந்த உருண்டையோடு கிடந்த துணி சிசுவுக்கு ஆகவே ஆகாது. ஜப்லாக்கள் மறுபடியும் பரணுக்குப் போயின. புதிய கட்சியும் தோற்றது, பழைய கட்சியும் தோற்றது என்று நாம் உள்ளூர ஆறுதல் அடைந்தோம்.

நிற்க. துணி விஷயத்தில் சட்டம் போட்டவர்களே தடுமாறியிருக்கிறார்கள். அமெரிக்காவில் குழந்தைகளின் ராத்திரி உடுப்பு எளிதில் தீப்பிடிக்கக் கூடாது என்று 1970-களின் தொடக்கத்தில் விதி செய்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் தீயைத் தடுக்கத் துணியில் ஏற்றிய ட்ரிஸ் என்ற ரசாயனம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று தெரிந்து, 1977-ல் அத்தகைய உடுப்புகளைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. 1996-ல் விதியைத் திருத்தி, உடம்போடு ஒட்டி நிற்கும் உடுப்புகளுக்கும், ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களின் உடுப்புகளுக்கும் விலக்கு அளித்தார்கள். தொளதொளவென்று தொங்கும் துணியே சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதே இதிலுள்ள சூட்சுமம். குத்துவிளக்கு ஏற்றும் நமது வீடுகளில், தவழும் குழந்தைக்கு நீளப் பாவாடை தைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

முடிவில் என்ன செய்தோம் என்கிறீர்களா? பல வருஷம் துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன நமது பழைய வேஷ்டி ஒன்று கொடியில் கிடந்தது. அந்துருண்டையை அறியாத வேஷ்டி. நமது சகதர்மிணி அதைக் கிழித்து, பெண்ணின் யோசனைப்படி நான்கு சட்டைகள் தைத்தாள். தையல் உறுத்தாமலிருக்க அதன் விளிம்பு வெளிப்பக்கம் வந்தது. கழுத்தில் நாடா இல்லை, பொத்தான் இல்லை, ஊக்கு இல்லை, விலாப் பக்கத்தில் சின்ன முடிச்சு மட்டும். பிசிர் நூல்களை ஒன்று விடாமல் கத்தரித்தாள். ஒற்றை நூல் சிசுவின் விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடக்கூடுமாம். கால்களை மடக்கி உதைத்துக்கொள்ளத் தாராளமாக இடம் விட்டாள். தூங்கும் நேரத்தில் கழுத்துக் கயிறும் கழன்றது. கொசுவுக்குப் போர்வை அல்ல, வலைதான் என்று தீர்மானமாயிற்று.

கரடிச் சட்டையைப் பகலில் ஐந்து நிமிஷம் போட்டுப் படம் எடுத்துச் சிகாகோவுக்கு அனுப்பினோம். அதற்குள் பஞ்சை அடைத்து இப்போது அலமாரியின் மேல் உட்கார வைத்திருக்கிறோம். "மாமா அனுப்பிய சட்டையில் நன்றாகத் தூங்குகிறானா?" என்று பிள்ளை கேட்டபோது, "கரடி நன்றாகத் தூங்குகிறது, குழந்தையும் நன்றாகத் தூங்குகிறான்" என்று உண்மையையே சொன்னோம்.

ராத்திரி இரண்டு மணிக்கு நமக்கு இப்போதெல்லாம் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. மெதுவாகப் போய்க் கொசுவலைக்குள் கையை விட்டுப் பேரனின் பிடரியைத் தொட்டுப் பார்க்கிறோம். உலர்ந்து, இளஞ்சூடாக இருக்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் நமது பெண் தூங்குவதுபோல் பாவனை செய்கிறாள். அவளுடைய கை நமக்கு முன்பே அங்கே வந்து போயிருக்கும் என்பது நமக்குத் தெரியாதா என்ன?